நூறு நினைவுகளின் நாயகர்: சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

தேர்வு வாரம் நெருங்கினால் நம் மாணவர் விடுதிகளில் ஒரே புலம்பல்தான். இரவெல்லாம் படித்தது காலையில் மறந்து போகிறது. பக்கத்து அறை நண்பருக்கு ஒருமுறை படித்தால் போதும். நமக்கோ பத்து முறை படித்தாலும் மனத்தில் நிற்பதில்லை. இந்தப் பேச்சு, நினைவாற்றல் என்பது பிறவியிலேயே வரவேண்டிய வரம் என்ற முடிவில் போய் நிற்கும். அந்த முடிவோடு புத்தகத்தையும் மூடி வைத்துவிடுவோம்.

நண்பர்களே, அந்த முடிவு சரிதானா? நினைவாற்றல் வரமா, பயிற்சியா? இக்கேள்விக்கு விடை தேட நான் ஒருவருடைய வாழ்க்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். நம்மில் சிலர் அவருடைய பெயரைப் பட்டிமன்ற மேடைகளில் கேட்டிருக்கலாம். ஒரே நேரத்தில் நூறு செயல்களைச் செய்தவர் என்ற வியப்போடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த வியப்புக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவதானம் என்றால் என்ன? கவனம் என்பதே அதன் பொருள். தமிழில் கவனகம் என்றும் சொல்வர். எட்டுச் செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்துவது அட்டாவதானம். பத்து என்றால் தசாவதானம். பதினாறு என்றால் சோடசாவதானம். நூறு என்றால் சதாவதானம். அவதானி மேடையில் அமர்ந்திருப்பார். கேள்வி கேட்போர் சுற்றிலும் இருப்பார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இலக்கண நூற்பாவுக்கு விளக்கம் கேட்பார். ஒருவர் ஏதோ ஓர் ஆண்டின் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார். ஒருவர் அவ்வப்போது மணி அடிப்பார். இன்னொருவர் அவதானியின் முதுகில் சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார். இறுதியில் மணி எத்தனை முறை ஒலித்தது, முதுகில் எத்தனை கற்கள் விழுந்தன என்பதையும் அவதானி சொல்ல வேண்டும்.

இவற்றுள் ஒரு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு பாட்டின் எழுத்துகளை வரிசை மாற்றித் தருவார்கள். 17-ஆம் எழுத்து இது என்பார்கள். பிறகு வேறு கேள்விகள் நடக்கும். சற்றுப் பொறுத்து 4-ஆம் எழுத்து இது என்பார்கள். எல்லா எழுத்துகளும் சிதறலாக வந்து சேர்ந்த பின்னர், அவதானி பாட்டை முழுமையாக ஒப்பிக்க வேண்டும். இங்கே நடப்பது என்ன? எண்ணோடு எழுத்தைச் சேர்த்து வைப்பது. கேட்டவரோடு கேள்வியைச் சேர்த்து வைப்பது. ஒன்றைக் காட்டினால் மற்றொன்று நினைவுக்கு வரவேண்டும். உளவியல் பாடம் எடுத்தவர்கள் உடனே அடையாளம் கண்டிருப்பீர்கள். இணைச் சொற்களை நினைவுகூரும் சோதனையின் அடிப்படையும் இதுவேதான்.

அந்தச் சோதனை முறையை 1890-களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் மேரி விட்டன் கால்கின்ஸ் என்ற பெண்மணி. ஒரு நிறத்தையும் ஓர் எண்ணையும் இணையாகக் காட்டி, பிறகு நிறத்தை மட்டும் காட்டி எண்ணைக் கேட்டார். பெண் என்ற காரணத்தால் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. ஆயினும் 1905-இல் அவர் அமெரிக்க உளவியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். அவர் ஆய்வுக்கூடத்தில் இணைகளைச் சோதித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகின் மறுகோடியில், நாஞ்சில் நாட்டின் இடலாக்குடியில் ஓர் இளைஞர் அதே திறனைத் தமிழ்ச் செய்யுளின் வழியாக வளர்த்துக்கொண்டிருந்தார்.

செய்குத்தம்பி 1874-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், பக்கீர் மீரான் சாகிபுக்கும் அமீனா அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். நாகர்கோவிலை ஒட்டிய இடலாக்குடி இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பள்ளியில் பயிற்று மொழி மலையாளம். வீட்டில் தமிழ், பள்ளியில் வேறு மொழி என்ற நிலை மலேசியத் தமிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. தமிழ்ப்பள்ளி வாய்ப்பு இல்லாமல் தேசியப் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு தமிழைத் தேடி வந்தவர்கள் நம் கழகத்திலும் இருக்கிறார்கள். செய்குத்தம்பியும் தமிழைத் தேடித்தான் போனார். சங்கரநாராயண அண்ணாவி என்ற ஆசிரியரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். முசுலிம் மாணவர், இந்து ஆசிரியர். இருவரையும் இணைத்தது தமிழ். பதினைந்து வயதிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்கு வந்துவிட்டது.

அக்காலத் தமிழ்க்கல்வி எப்படி இருந்தது என்பதை இங்கே சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அச்சுப் புத்தகம் அரிது. மாணவர் திண்ணையில் அமர்ந்து நிகண்டையும் எண்சுவடியையும் நெட்டுருப் போட்டார். நிகண்டு என்பது என்ன? சொல்லும் பொருளும் இணையாக வரும் நூல். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள் உள்ளன. அத்தனையும் விருத்தப்பாவில் அமைந்தவை. அதன் 11-ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதில் சொற்கள் எதுகை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒரு சொல் நினைவுக்கு வந்தால் அதன் ஓசை அடுத்த சொல்லைக் கையோடு இழுத்து வரும். ஆகவே, நம் முன்னோர் வெறுமனே நெட்டுருப் போடச் சொல்லவில்லை. நெட்டுருப் போடுவதற்கேற்ற கருவியையும் பாட்டுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். மோனையும் எதுகையும் சந்தமும் காதுக்கு இனிமை தருபவை மட்டுமல்ல; அவை நினைவின் கொக்கிகள்.

செய்குத்தம்பிப் பாவலர் அந்தக் கொக்கிகளைக் கைவரப் பெற்றவர் என்பதற்கு அவர் இயற்றிய நூல்களே சான்று. திருக்கோட்டாற்றுப் பதிற்றுப்பத்தந்தாதி அவற்றுள் ஒன்று. பதிற்றுப்பத்தந்தாதி என்பது பத்துப் பத்தாக நூறு பாடல்கள் கொண்டது. ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகும். முதல் பாட்டைத் தொடங்கினால் சங்கிலி போல நூறாவது பாட்டு வரை செல்லலாம். இறுதிப் பாட்டின் முடிவு மீண்டும் முதல் பாட்டின் தொடக்கத்தில் வந்து சேரும். அவர் பாடிய திருநாகூர்த் திரிபந்தாதி இன்னும் கடினமானது. அடிதோறும் முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்த எழுத்துகள் ஒன்றாகவே வந்து, பொருள் மட்டும் வேறுபட வேண்டும். ஆயிரக்கணக்கான சொற்களை ஓசை வரிசையில் மனத்துக்குள் அடுக்கி வைத்திராத ஒருவரால் இப்படிப் பாட முடியாது. கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், நாயக மான்மிய மஞ்சரி, சம்சுத்தாசீன் கோவை, நீதிவெண்பா ஆகியனவும் அவருடைய நூல்களே.

வாழ்க்கை அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றது. அங்கே நூல் பதிப்புப் பணியில் ஈடுபட்டார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட காப்பியம். அத்தனைப் பாடல்களையும் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் எழுதுவதென்றால், ஒவ்வொரு சொல்லையும் மனத்தில் பலமுறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அவதான மேடையில் வெளிப்பட்ட ஆற்றலில் பெரும்பகுதி, இப்படி விளக்கடியில் அமர்ந்து செய்த வேலையில் விளைந்தது என்றே நான் நம்புகிறேன்.

அந்நாளில் சென்னையில் அருட்பா மருட்பாப் போர் மூண்டிருந்தது. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்பது வழக்கு. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம். அவரும் சதாவதானி, அகராதி தொகுத்தவர், திரு.வி.க.வின் ஆசிரியர். எதிர்ப்பக்கத்தில் வள்ளலாரின் பாடல்களுக்காக மேடையேறியவர்களுள் ஒருவர் இடலாக்குடி முசுலிம் புலவரான நம் பாவலர். வள்ளலார் மறைந்த 1874-ஆம் ஆண்டிலேயே பாவலர் பிறந்தார் என்பது ஒரு வியப்பான பொருத்தம். சைவ நூல்களிலிருந்து மேற்கோள்களை உடனுக்குடன் எடுத்து அடுக்க வேண்டிய மேடை அது. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. தம் சமயம் வேறாயினும், தாம் உண்மை என்று நம்பியதற்காகத் தம் நினைவாற்றலைப் பயன்படுத்தினார் என்பது அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பிறகு வந்தது அந்த நாள். 1907-ஆம் ஆண்டு மார்ச் 10. சென்னை விக்டோரியா அரங்கம். அறிஞர் பலர் முன்னிலையில் பாவலர் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்திக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 32. சதாவதானி என்ற பட்டம் அன்றிலிருந்து அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அவருடைய அவதான மேடையைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் அவரைச் சிக்கவைக்க எண்ணி ஓர் ஈற்றடியைத் தந்தாராம். முசுலிம் ஒருவருக்கு இராமனே துணை என்று பொருள்படும் அடி அது. முசுலிமைக் குறிக்க அந்நாளில் வழங்கிய துருக்கன் என்ற சொல் அதில் இருந்தது. பாடினால் தம் சமயத்துக்கு முரண், பாடாவிட்டால் தோல்வி. அரங்கம் அமைதியானது. பாவலரோ முந்தைய அடியைச் சத் என்ற அசையில் முடித்து, இராமனின் தம்பியர் பெயர்களை வரிசைப்படுத்தினார். துருக்கன் சத்துருக்கன் ஆனான்! தம்பிக்கு அண்ணன் துணை என்பதில் யாருக்கு என்ன மறுப்பு இருக்க முடியும்? கேட்டவரும் தலை குனியவில்லை, பாவலரும் தலை குனியவில்லை. சொற்களை ஓசையால் இணைத்து வைத்திருந்த மனத்துக்கே அந்த நொடியில் அந்த அசை கிடைக்கும்.

இவையெல்லாம் மேதைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆகவே என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். இங்கே ஜொகூரில் படிக்கும்போது மூன்றாம் மொழியாக ஜப்பானிய மொழி எடுத்திருந்தேன். வாரந்தோறும் சொற்பட்டியல் ஒன்றை மனனம் செய்ய வேண்டும். நானும் இரு அறைத்தோழர்களும் பட்டியலை மூன்றாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வழியாகச் சோதித்துப் பார்த்தோம். முதல் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு சொல்லையும் அதே ஓசையுள்ள தமிழ்ச் சொல்லோடு சேர்த்து ஒரு காட்சியாக்கினோம். ஜப்பானிய மொழியில் குருமா என்றால் கார். புதுக் காரின் இருக்கையெல்லாம் கோழிக் குருமா கொட்டிக் கிடப்பதாகக் கற்பனை செய்தோம். மடோ என்றால் ஜன்னல். ஒரு மாடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியது. அமெ என்றால் மழை. மழையில் ஓர் ஆமை நனைந்தது. மூன்றாம் பகுதியில் ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஒருவரையொருவர் கேள்வி கேட்டோம்.

அன்றிரவு மூன்று பகுதிகளும் நன்றாகவே நினைவில் இருந்தன. வாரம் ஒன்று கழிந்ததும் வேறுபாடு தெரிந்தது. வெறுமனே வாசித்த சொற்கள் நழுவிப் போயிருந்தன. மாடும் ஆமையும் போகவில்லை. கேள்வி கேட்டுப் பழகிய சொற்களும் போகவில்லை. குருமாவை நான் இன்றுவரை மறக்கவில்லை!

எங்கள் விடுதி அறைச் சோதனையை அறிவியல் என்று சொல்லமாட்டேன். ஆனால் அறிஞர்களின் ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. ஓசையையும் காட்சியையும் இணைக்கும் முறையை 1975-இல் அட்கின்சனும் ராவும் ரஷ்யச் சொற்களைக் கொண்டு சோதித்து, அது பயனுள்ளது என்று காட்டினார்கள். 2008-இல் கார்ப்பிக்கி, ரோடிகர் என்ற இருவர் சுவாஹிலி, ஆங்கில இணைச் சொற்கள் நாற்பதை மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொற்களையும் தொடர்ந்து நினைவுகூர்ந்து சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காடு சொற்களைச் சொன்னார்கள். அப்படிச் சோதித்துக்கொள்ளாதவர்கள், மீண்டும் மீண்டும் படித்திருந்தாலும், நாற்பது விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், சாதாரண மனிதர்களுக்குத் தினம் அரைமணி நேரம் வீதம் நாற்பது நாள் பயிற்சி அளித்தார்கள். தெரிந்த இடங்களில் சொற்களைக் காட்சியாக வைத்துப் பார்க்கும் பயிற்சி அது. 72 சொற்கள் கொண்ட பட்டியலில் சராசரியாக 26 சொற்களை நினைவுகூர்ந்தவர்கள், பயிற்சிக்குப் பின் 62 சொற்களை நினைவுகூர்ந்தார்கள்.

இதைப் படித்தபின் பாவலரின் மேடையை நினைத்துப் பாருங்கள். ஒரு கேள்வி வருகிறது. உடனே வேறொன்று குறுக்கிடுகிறது. பிறகு முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவதானம் முழுவதும் இணைத்தலும் இடைவெளி விட்டு நினைவுகூர்தலுமாகவே நடக்கிறது. ஆய்வுக்கூடம் அண்மையில் அளந்து சொன்னதை அவதானிகள் மேடையில் நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். பாவலரின் ஆற்றல் அளவால் நமக்கு எட்டாதது. வகையால் நமக்கு அந்நியமானதன்று.

சதாவதானி என்ற புகழோடு அவர் நின்றுவிடவுமில்லை. நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். கதர் உடுத்தினார். தம் தமிழையும் பேச்சாற்றலையும் விடுதலை மேடைகளுக்குக் கொடுத்தார். இந்தியா விடுதலை பெற்றதைக் கண்ணால் கண்டார். 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த மண் தமிழகத்தோடு இணைந்தது 1956-இல்தான். அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இடலாக்குடியில் அவர் பெயரால் மணிமண்டபமும் பள்ளியும் அமைந்துள்ளன. 2008-இல் இந்திய அஞ்சல்துறை அவருடைய நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. அவருடைய நீதிவெண்பாப் பாடல் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது.

பெரியவர்களை வணங்குவது நம் பண்பாடு. ஆனால் வணக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அவர் தெய்வப் பிறவி என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால், நாம் உழைக்க வேண்டிய கடமை தீர்ந்து போகிறது. மலையாளப் பள்ளியில் படித்த ஒரு சிறுவர் தமிழாசிரியரைத் தேடிப் போனதும், நிகண்டுத் தமிழில் ஊறியதும், ஆயிரமாயிரம் பாடல்களுக்கு உரை எழுதியதும் மறைந்துபோய், ஒருநாள் மேடை வித்தை மட்டுமே மிஞ்சுகிறது. அது அவருக்கும் நியாயமன்று, நமக்கும் நன்மையன்று.

மனனம் என்றாலே பழைய காலத்து மூடப் பழக்கம் என்று ஒதுக்கும் போக்கு நம்மிடையே வளர்ந்திருக்கிறது. கைப்பேசியில் தேடினால் எல்லாம் கிடைக்கும் என்கிறோம். கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் இருக்கும் சொல், பேசும்போது நாவில் வந்து நிற்பதில்லை. பாவலருக்கு அந்த ஓர் அசை மனத்தில் இருந்ததால்தான் மேடையில் கைகொடுத்தது. பல்கலைக்கழகத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கும் நமக்குத் தமிழ்ச் சொற்கள் நாளுக்கு நாள் நழுவுகின்றன. பிடித்து வைக்க ஒரு கொக்கி வேண்டும்.

எனவே கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளுக்குப் பத்து இணைகள் போதும். அவை உங்கள் துறைக் கலைச்சொல்லும் அதன் தமிழாக்கமுமாக இருக்கலாம். குறளின் எண்ணும் அதன் முதற்சீருமாகவும் இருக்கலாம். ஜொகூர் பாருவில் ஜாலான் ஊங்கு புவான் வழியாக நடப்பவர்கள், இராஜமாரியம்மன் கோயில் கோபுரத்தில் ஒரு சொல்லையும், பூக்கடையில் ஒரு சொல்லையும், துணிக்கடை வாசலில் ஒரு சொல்லையும் மனத்தால் வைத்துவிட்டுப் போகலாம். மறுநாள் அதே தெருவை மனத்தில் நடந்து, வைத்த சொற்களை எடுத்துப் பாருங்கள். மூன்று நாள் விட்டு மறுபடியும் எடுத்துப் பாருங்கள். உணவகத்தில் தேநீருக்குக் காத்திருக்கும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மில் யாரும் நாளையே நூறு செயல்களை நினைவில் நிறுத்தப் போவதில்லை. பத்தை நிறுத்தினாலும், மறதி நம் தலையெழுத்தன்று என்பது உறுதியாகும். அவ்வளவு செய்தாலே இடலாக்குடிப் பாவலருக்கு நாம் செலுத்தும் மரியாதை முழுமை பெறும்.